இனிய நீர்க் கிணறு உண்டு

தம்பி, உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அதனுள் மடித்து வைத்திருந்த விளம்பர வாசகத்தையும் படித்தேன். "கள்ளிக்குப்பத்தில் தனி வீடு. இரண்டு படுக்கையறை, தென்னை மரங்கள், இனிய நீர்க் கிணறு உண்டு. உடனே குடியேறலாம்." ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. வாழ்நாளெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது ஒரு சின்ன சந்தோஷம். இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் போட்டு, வீட்டை முடித்துக்கொடுத்துவிட்டு, மருமகளின் பிரசவத்துக்கு முன்னால் புனேவுக்கு வந்துவிடும்படி எழுதியிருக்கிறாய். எனக்கும் வர ஆசைதான். ஆனால் அந்த வாசகத்தை நான் இன்னும் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. "இனிய" என்ற ஒரு சொல் என்னைத் தடுக்கிறது. நீ பொய் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ திருச்சி ஹாஸ்டலுக்குப் போனபோது அந்தத் தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிணற்றைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் இன்லண்ட் கடிதத்தில் எழுதியதுதான். நான் என்ன எழுதினேன், என்ன எழுதாமல் விட்டேன் என்பதை இப்போது சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பு எடுத்த பழக்கம், பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். குழாயில் குறித்த நேரத்தில்தான் தண்ணீர் வரும். வரும் நேரத்தில் அப்பா ஷிப்டில் இருந்தாலும் அவர் மனது குழாயடியில்தான் இருக்கும். அவர் பிறந்தது சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடு. உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த மனிதர். அந்த நாளில் கள்ளிக்குப்பத்தில் மனை விற்கிற ஒருவர் தொழிற்சாலை வாசலில் நின்று எல்லோர் கையிலும் ஒரு நோட்டீஸைத் திணித்தார். ரோஸ் நிறக் காகிதம், ஒரு தென்னை மரம், ஒரு சூரியன், நடுவில் கொட்டை எழுத்தில் "இருபது அடியில் இளநீர் போன்ற குடிநீர்". ரோடு எப்போது வரும், பஸ் எங்கே நிற்கும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அப்பா அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு வந்தார். "டீச்சர், நமக்குன்னு ஒரு கெணறு" என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, உனக்குத் தெரியும். அந்த நோட்டீஸும் பொய் சொல்லவில்லை. இருபது அடியில் தண்ணீர் வந்தது. இளநீர் மாதிரிதான் இருந்தது. மண்ணுக்கு மேலே என்னென்ன வரும், அது மண்ணுக்குள் எப்படி இறங்கும் என்று மட்டும் அதில் எழுதவில்லை. விற்கிற காகிதத்துக்கு இன்று மட்டும்தான் தெரியும்.

வீட்டுப் பிரதிஷ்டை உனக்கு நினைவிருக்கும். போதகர் ஒவ்வோர் அறையிலும் நின்று ஜெபித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துப்போய் அங்கேயும் ஒரு ஜெபம் செய்யவைத்தார். வாளியில் இறைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு டம்ளர் கொடுத்தார். பிரியாணிக்கு முன்னால் பச்சைத் தண்ணீர். அன்றிலிருந்து யார் வந்தாலும் அதே வழக்கம்தான். நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு முன்னால் கிணற்றடி, கையில் டம்ளர். அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் காணிக்கையாகக் கொண்டுவந்தபோது, அவர் நம் பித்தளைக் குடத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைத்தார். பிறகு எழுந்து சாட்சி சொன்னார். மேடைப் பேச்சு வராத மனிதர். "நான் உப்புத்தண்ணி ஊர்க்காரன். கர்த்தர் எனக்கு இனிச்ச தண்ணி குடுத்தாரு" என்றார். அவ்வளவுதான். ஆலயத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் நடந்தபோது அந்தக் குடத்துக்குப் போட்டி வந்தது. ஏலம் போடும் தங்கையா அண்ணனை உனக்குத் தெரியும், குவார்ட்டர்ஸ் ஃபோர்மேன். "அண்ணாச்சி கெணத்துத் தண்ணி வந்திருக்கு. குடிச்சா அடுத்த பண்டிகை வரைக்கும் தாகம் எடுக்காது. யாரு கேக்குறா?" என்று அவர் கூவ, சிரிப்பும் உயர்த்திய கைகளுமாக ஏலம் ஏறியது. குடம் காலியாகித் திரும்பி வந்தது. பிறகு வருஷந்தோறும் இது நடந்தது. சபையில் அதற்காகவே காத்திருந்தவர்கள் உண்டு.

நீ ஊரை விட்டுப் போன பிறகுதான் தண்ணீர் மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. முதலில் சோறு லேசாக மஞ்சளித்தது. அரிசி பழசு என்று நினைத்தேன். பிறகு கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் ஓரத்தில் ஒரு படலம். பிறகு மழைக்காலத்தில் ஒரு வாடை. தெரு முழுக்க இதே கதைதான். மேட்டுப்பக்கத்தில் முலாம் பூசும் பட்டறைகள் வரிசையாக வந்திருந்தன. அவற்றின் பின்பக்கத்துக் கழிவு திறந்த கால்வாயில் போய், கால்வாய் நின்ற இடத்தில் தேங்கியது. எதிர்வீட்டுக் கன்னியம்மா, இட்லிக் கடை வைத்திருப்பவள், முதலில் வாயைத் திறந்தாள். தெருவில் நின்றுகொண்டே அப்பாவைக் கேட்டாள்: "இன்னா சார், எங்க ஊட்டுக் கெணறு நாறிகினு கீது. உங்க கெணத்துக்கு மட்டும் ஞானஸ்நானம் குடுத்தாங்களா?" அப்பா சிரித்தார். "கர்த்தர் குடுத்ததும்மா, கெட்டுப்போகாது" என்றார். அவள் விடவில்லை. "சாமி குடுத்தாரு சரி, பட்டறைக்காரன் சாமிய கேட்டுகினா ஊத்துறான்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அன்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். ஆனால் வந்ததும் வாளியை எடுத்துப்போய் இறைத்து, ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். யாருக்கோ காட்டுவது மாதிரி குடித்தார். பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

தெருவுக்காக மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. டீச்சர் வேறு யாரும் தெருவில் இல்லை. "கனம் பொருந்திய ஐயா" என்று தொடங்கிப் பட்டறைகளையும் கால்வாயையும் தேங்கிய இடத்தையும் வரிசையாக எழுதினேன். நல்ல மனுதான். அதில் ஒன்றை மட்டும் எழுதவில்லை. நம் தெருவில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் தோண்டியிருந்தோம். மனை சின்னது, கிணற்றுக்கும் அதற்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான். நம் வீட்டில் ஒரு முருங்கை மரம்தான் நடுவில். மனு எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டுவதில்லை. பல மாதம் கழித்து அரசாங்கத்திலிருந்து பதில் வந்தது. அதற்கு முன் யாரோ வந்து குப்பிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். மேற்படி பகுதியில் சேகரிக்கப்பட்ட நீர் குடிநீர்த் தரத்திற்கு உகந்ததாக இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது, இதர உபயோகங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். தெருவைக் கூட்டிப் படித்துக் காட்டினேன். கன்னியம்மா கேட்டாள்: "அப்டின்னா இன்னா டீச்சர், குடிக்கலாமா, கூடாதா?" கூடாது என்றேன். "அத்த ஒரு வார்த்தையா எழுதுனா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள். யோசித்துப் பார், தம்பி. அந்தக் காகிதத்தில் இருந்தது முழு உண்மை. ஆனால் அதைப் படித்து யாருக்கும் பயம் வராது. யார் கெடுத்தார்கள், யார் நிறுத்த வேண்டும் என்பது எந்த வரியிலும் இல்லை. தண்ணீர் தானாகவே கெட்டுப்போனதைப் போல எழுதியிருந்தது.

அதே காலத்தில் கட்சிக்காரர்கள் ரோட்டோரச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதினார்கள், "நீர்நிலைகளைக் காப்போம்" என்று. நல்ல எழுத்து. பெயிண்டர் கை நடுங்காமல் எழுதியிருந்தார். தேர்தல் வந்ததும் வெள்ளையடித்து அதன்மேல் சின்னம் வரைந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நானே சுற்றுச்சூழல் கட்டுரைப் போட்டி வைத்தேன். பிள்ளைகள் கைடு புத்தகத்திலிருந்து எழுதினார்கள். எல்லாத் தாளிலும் ஒரே காடு, ஒரே பனிமலை. அம்பத்தூரை விட்டு வெளியே போகாத பிள்ளைகள் கடலில் எண்ணெய் கொட்டுவதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். தன் வீட்டுக் கிணற்றில் நுரை வருகிறது, இனிமேல் சோப்பு வாங்க வேண்டாம் என்று அம்மா சொல்லிச் சிரிக்கிறாள், ஆனால் தம்பிக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கும்போது மட்டும் சிரிக்கமாட்டாள் என்று. பேச்சு நடையில் இருந்தது, முன்னுரையும் முடிவுரையும் இல்லை. பரிசைப் பனிமலை எழுதிய பையனுக்குக் கொடுத்தேன். அவன் பெயர் இப்போது நினைவில்லை. அந்தப் பெண்ணின் அரைப் பக்கம் மனப்பாடமாக இருக்கிறது.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். அரசாங்கத்துப் பதில் வந்த அன்று சாயங்காலம் அதை அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, நம் கிணற்றில் அவர்கள் குப்பி விடவில்லையே என்றார். அது உண்மைதான். குப்பிக்காரர்கள் வந்த அன்று நம் கதவு பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் லாரித் தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது. மனு கொடுத்தவன் இன்னொரு மனு கொடுக்கலாம். சுவரில் எழுதியவன் வெள்ளையடிக்கலாம். சாட்சி சொன்னவர் என்ன செய்வார்? கர்த்தர் இனித்த தண்ணீர் கொடுத்தார் என்று சபைக்கு நடுவில் நின்று சொல்லிவிட்டார். இப்போது எழுந்து, அது கசக்கிறது என்று சொன்னால், யாரைக் குற்றம் சொல்வது போலாகும்? பட்டறையை என்று நீயும் நானும் சொல்வோம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்தவரைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது அவருக்கு. அதனால் குடித்தார். நான் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆற்றிக் கொடுத்தேன். பகலில் வகுப்பில் நீர் மாசுபடுதல் பாடம், சாயங்காலம் வீட்டில் அதே தண்ணீர் டம்ளரில். சண்டை போட்டிருக்கலாம். குடத்தை ஒளித்து வைத்திருக்கலாம். உனக்கு எழுதியிருந்தால் நீ வந்து சொல்லியிருப்பாய், உன் பேச்சை அவர் கேட்டிருப்பார். நான் உனக்கு எழுதியது இதுதான்: "நாங்கள் சுகம். கிணறு நிறைந்து கிடக்கிறது." அதுவும் உண்மை. நிறைந்துதான் கிடந்தது.

அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கும் அவர் குடத்தைத் தேய்த்து வைத்தார். வேண்டாமே என்று ஒரு தடவை சொன்னேன். என்னைப் பார்க்காமல் சைக்கிள் கேரியரில் குடத்தைக் கட்டினார். ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தது. கோழி போயிற்று, தேங்காய் போயிற்று, கேக் போயிற்று. தங்கையா அண்ணன் குடத்தை எடுத்து உயர்த்தினார். "அண்ணாச்சி கெணத்துத் தண்ணி" என்றவர், தாகம் பற்றிய வழக்கமான பகடியை அன்று சொல்லவில்லை. "யாரு கேக்குறா?" என்றார். முற்றத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் நம்மைச் சுற்றி இருக்கும் தெருக்காரர்கள். தங்கள் கிணறுகளை அவர்கள் மூடி நாளாயிற்று. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. "யாராச்சும்" என்றார் தங்கையா அண்ணன், மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு. இரக்கப்பட்டு யாராவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமே. கேட்டுவிட்டு வாசலில் கொட்டினால் அது இன்னும் மோசம். அதனால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா எழுந்தார். "நானே எடுத்துக்கிடுதேன்" என்றார். தங்கையா அண்ணன் ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லாமலே குடத்தை அவர் கையில் கொடுத்தார்.

அதே குடத்தை அதே கேரியரில் கட்டி, வழி நெடுகத் தள்ளிக்கொண்டே வந்தார். தண்ணீர் தளும்பிவிடும் என்று ஏறி ஓட்டவில்லை. நான் பக்கத்தில் நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "டீச்சர், ஒரு டம்ளர் குடு" என்றார். எந்தக் குடத்திலிருந்து என்று நான் கேட்கவில்லை. ஊற்றிக் கொடுத்தேன். இந்த ஒரு காட்சியை உனக்கு எழுதத்தான் இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

அப்பாவின் சிறுநீரகம் கெட்டது எதனால் என்று எந்த டாக்டரும் எழுதவில்லை. தண்ணீரால் என்று நானும் எழுதமாட்டேன். தெரியாததைத் தெரிந்ததாக எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நோயின் பெயர் இருந்தது. நாம் அச்சடித்த அட்டையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று இருந்தது. கல்லறைக் கல்லில் பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கின்றன. எதிலும் கிணறு இல்லை. நீ அடக்கத்துக்கு வந்திருந்தபோது கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனாய். திரும்பி வந்து, தண்ணீர் என்னமோ வாடையடிக்கிறதே என்றாய். மழையால் என்றேன்.

ஒரே தண்ணீரைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதினோம் என்று இப்போது உட்கார்ந்து பார்க்கிறேன். வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி உனக்கு நினைவிருக்கும். ஒரே செய்தியை விளம்பரமாக எழுது, மனுவாக எழுது, நண்பனுக்குக் கடிதமாக எழுது என்பேன். நோட்டீஸ், சாட்சி, மனு, அரசாங்கத்துப் பதில், சுவர், கட்டுரை, என் இன்லண்ட் கடிதம், எல்லாம் அந்தப் பயிற்சிபோலவே ஆகிவிட்டது. எதுவும் முழுப்பொய் இல்லை, தம்பி. ஆனால் பெரும்பாலானவை எழுதியவரை மட்டும் கவனமாக விட்டுவிட்டன. தன்னையும் சேர்த்துச் சொன்னவர்கள் என் கணக்கில் இரண்டே பேர்தான். ஒருவர் உன் அப்பா. தண்ணீர் மாறியபோது அவரால் தன் வார்த்தையை மாற்ற முடியவில்லை. இன்னொருத்தி அந்த அரைப் பக்கம் எழுதிய பெண். அவளுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. நாளைக்கு உன் வேலையிலோ வேறெங்கோ, மண்ணைப் பற்றியோ காற்றைப் பற்றியோ நீ ஏதாவது எழுத நேரலாம். எழுதி முடித்ததும் இதில் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு தடவை தேடிப் பார். எங்கேயும் இல்லை என்றால், அந்தக் காகிதத்தால் யாருக்கும் உபயோகம் இருக்காது.

போன புதன்கிழமை கன்னியம்மா சொல்லி அனுப்பியதாக ஒரு புருஷனும் பெண்சாதியும் வீடு பார்க்க வந்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். அந்தப் பெண் சமையலறையைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள். அவனோ நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தான். நான் போவதற்குள் வாளியை இறக்கி இறைத்துவிட்டான். "நல்லா தெளிஞ்சிருக்கே டீச்சர்" என்றான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கையில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான். அரசாங்கத்துப் பதிலில் இருந்த வாசகம் முழுக்க எனக்கு மனப்பாடம். அது வாயில் வரவில்லை. "குடிக்காதீங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் குடிச்சாரு" என்றேன். அவன் கையை விரித்தான், தண்ணீர் காலடியில் வழிந்தது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு வெகுநேரம் இருக்கவில்லை. வாசலில் அந்தப் பெண் மட்டும் திரும்பி, "வரோம்மா" என்றாள். அவர்கள் வரமாட்டார்கள்.

வீடு நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. அதனால் உன்னைக் கேட்காமல் எதையும் போடமாட்டேன். உன் வாசகத்தில் ஒரு சொல்லை அடித்துவிட்டு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "கிணறு உண்டு. அதன் நீரைக் குடிக்கக் கூடாது." உனக்குச் சம்மதமானால் ஒரு வரி எழுதிப் போடு, பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். இந்த வரியோடு வீடு சீக்கிரம் போகாது என்று எனக்கும் தெரிகிறது. பிரசவத்துக்கு நான் வந்து சேர முடியாமல் போகலாம். மருமகளிடம் இதையெல்லாம் சொல்லாதே, எனக்கு உடம்பு அசதி என்று மட்டும் சொல். இல்லை, வேண்டாம். உள்ளதையே சொல். பிள்ளை பிறந்ததும் தந்தி கொடு. அதுவரை யார் வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால் நானும் அவர்களைக் கிணற்றடிக்குத்தான் அழைத்துப்போகிறேன். டம்ளரை மட்டும் எடுத்துப்போவதில்லை.

அம்மா